தி கிங்: எட்டர்னல் மோனார்க் – கதவுக்கு விதி இருக்கா, இல்லையா?

வெள்ளிராத்திரி | மார்ச் 4, இரவு 11.20

இந்தக் கொரியத் தொடரோட 16 எபிசோடும் முடிச்சாச்சு. ரெண்டு உலகம் (ஒண்ணு நம்ம தென்கொரியா, இன்னொண்ணு மன்னராட்சி இருக்கிற கொரியா), ஆளுக்கொரு நகல், நடுவுல மூங்கில் காட்டுல ஒரு கதவு. இது வரைக்கும் சரி. பின்பாதியில திடீர்னு காலப் பயணமும் வந்து ஒட்டிக்குது. என் கட்சி இதுதான்: எழுத்தாளர் கிம் உன்-சூக்குக்கு கதை நடுவுல சிக்கிக்கிச்சு, தப்பிக்க ஒரு விதியைப் புதுசா போட்டுக்கிட்டாங்க. இல்லைன்னு சொல்றவங்க விதியைக் காட்டுங்க. கதையை உடைச்சுப் பேசலாம், நான் பார்த்தாச்சு.

அரைக்குழல் | மார்ச் 5, காலை 6.50

விதி இருக்கிறது. ஒரே வரிதான்: பாதிக் குழல் இடத்தைக் கடக்கும், முழுக் குழல் காலத்தையும் கடக்கும்.

1994 அரண்மனைக் கொலை இரவுக்குப் போங்கள். வில்லன் லீ லிம் தன் தம்பியான அரசரைக் கொன்றுவிட்டு மான்பாசிக்ஜோக் என்ற மூங்கில் குழலை எடுக்கிறான். அரசரின் மகனும் நம் நாயகனுமான எட்டு வயது லீ கோன் கீழே கிடந்த வாளைத் தூக்கி வீசுகிறான், குழல் இரண்டாகிறது. ஒரு துண்டோடு லீ லிம் தப்பிக்கிறான், இன்னொன்று பையனிடம் தங்குகிறது. அதன் பிறகு இருவரிடமும் இருப்பது பாதிதான். அதனால் இருவராலும் இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் போகலாம், வரலாம். நேற்றைக்குப் போக முடியாது. இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் கதவுக்குள் இருந்தால்தான் நேற்றைக்கும் வழி திறக்கும்.

விதி முதல் எபிசோடிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல ரொம்பத் தாமதம் செய்தார்கள், அது குறைதான்.

அரைக்குழல் | மார்ச் 5, காலை 7.05

திருத்தம். மேலே "தம்பி" என்று எழுதிவிட்டேன். உறவு அதுதான், ஆனால் தாய் வேறு. மாற்றாந்தாய்ச் சகோதரர்கள். மூத்தவனாக இருந்தும் அரியணை கிடைக்காத கடுப்புதான் முழுக் கதைக்கும் விறகு. இது இல்லாவிட்டால் லீ லிம் வெறும் மூங்கில் திருடன்.

புளிசாதம் | மார்ச் 5, காலை 9.30

அந்தத் துண்டுகளை எங்க வெச்சிருக்காங்கன்னு கவனிச்சீங்களா? கோன் குதிரைச் சாட்டைக்குள்ள, லீ லிம் குடைக்குள்ள. மழை இல்லாத நாள்ல ஒருத்தன் குடையோட வந்தா வில்லன்னு வெச்சுக்கலாம்.

அரைக்குழல் | மார்ச் 5, மதியம் 1.15

குடை, சாட்டை இரண்டையும் கவனித்துக்கொண்டே ஒரு முறை திரும்பப் பாருங்கள். யார் எந்த உலகத்துக்குப் போக முடியும், யார் மாட்டிக்கொண்டார்கள் என்பது கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வசனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கோன் சாட்டை இல்லாமல் நின்றால் அந்தக் காட்சியில் அவனுக்கு வழி அடைப்பு.

நேரம் நின்றுபோகும் காட்சிகளும் இதே கணக்குதான். தெருவில் எல்லோரும் சிலையாக நிற்க கோன் மட்டும் நடப்பான். லீ லிம் எங்கோ கதவைத் தாண்டுகிறான் என்பதற்கான அறிகுறி அது. குழல் துண்டை வைத்திருப்பவனை உறைதல் தொடாது. ஒவ்வொரு முறையும் உறைதல் நீள்வதைக் கோன் எண்ணிக்கொண்டே இருப்பான். அவன் கணித முனைவர் என்பதை எழுத்தாளர் பயன்படுத்திய ஒரே உருப்படியான இடம் இதுதான். மற்ற இடங்களில் கணிதம் காதலியிடம் பீற்றிக்கொள்ளத்தான்.

வெள்ளிராத்திரி | மார்ச் 5, இரவு 10.40

சரி, அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. 1994க்குப் போன கோன் கையில பாதிதான் இருக்கு. திரும்பி 2020க்கு எப்படி வந்தான்? லீ லிம்முக்கு 25 வருஷத்துல ஏன் ஒரு நரை கூட வரல?

அரைக்குழல் | மார்ச் 6, காலை 6.30

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், அதனால்தான் எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

கதவுக்குள் நேரம் மெதுவாக ஓடுகிறது. உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் வெளியே அதைவிடப் பல மடங்கு கழிந்திருக்கும். ஆகவே பாதிக் குழலோடு பின்னால் போக முடியாது, முன்னால் போகலாம். உள்ளே போய்க் காத்திருந்தால் போதும், வெளியே வருஷங்கள் ஓடிவிடும். 1994இல் மாட்டிக்கொண்ட கோன் இப்படித்தான் 2020க்கு வந்து சேர்கிறான். நடுநடுவே வெளியே எட்டிப் பார்க்கும்போதுதான் சின்னப் பெண்ணாக இருக்கும் தே-உல்லை (தென்கொரியக் காவலர், அவன் காதலி), பிறகு வளர்ந்த தே-உல்லைச் சந்திக்கிறான். அவளுக்கு வருஷங்கள் இடைவெளி, அவனுக்குக் கொஞ்ச நாள்தான்.

லீ லிம்மும் உள்ளேயே காலம் கழித்தவன். அவன் வயதாகாதது மந்திரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கீரை மாதிரி.

கணக்குப்பிள்ளை | மார்ச் 6, காலை 11.00

கீரை உவமைக்குக் கோனாக நடித்த லீ மின்-ஹோவின் ரசிகர்கள் சார்பில் நன்றி. நீங்கள் சொன்னது வில்லனை என்பதால் விட்டுவிடுகிறோம்.

ஒரு சந்தேகம். குழலைப் பற்றிச் சொன்னீர்கள். அது எழுத்தாளர் உண்டாக்கியதா, பழைய கதையா?

அரைக்குழல் | மார்ச் 6, இரவு 9.10

பழையது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த சம்குக் யுசா என்ற பழங்கதை நூலில் வருகிறது. சில்லா என்ற பழைய கொரிய நாட்டின் 31ஆம் அரசர் சின்முன், ஆண்டது 681 முதல் 692 வரை. அவருடைய தந்தை முன்மு இறந்தபின் கடல் நாகமாகி நாட்டைக் காப்பதாக நம்பிக்கை. கிழக்குக் கடலில் ஒரு சிறு குன்று மிதந்து வருகிறது. அதன் மேல் ஒரு மூங்கில், பகலில் இரண்டாகப் பிரிந்திருக்கும், இரவில் ஒன்றாகச் சேரும்.

அரசர் காரணம் கேட்கிறார். கடல் நாகம் சொல்லும் பதில்: ஒரு கையால் தட்டினால் ஓசை வராது, இரண்டு கை சேர்ந்தால்தான் வரும், இந்த மூங்கிலும் அப்படித்தான். நம் ஊரில் சண்டையை விலக்கிவிடும்போது சொல்வதை அங்கே நாகம் அரசருக்குச் சொல்லியிருக்கிறது.

அந்த மூங்கிலை வெட்டிச் செய்த குழலை ஊதினால் பகைவர் பின்வாங்குவர், நோய் தீரும், வறட்சியில் மழை பெய்யும், அடைமழை ஓயும், காற்றும் அலையும் அடங்கும். பதினாயிரம் அலைகளை அடக்கும் குழல் என்பதுதான் பெயரின் பொருள்.

இப்போது தொடரைப் பாருங்கள். பிரிந்தால் இரண்டு, சேர்ந்தால் ஒன்று. இரண்டு கொரியா, ஒரு கதவு, இரண்டு துண்டுக் குழல். வெள்ளிராத்திரி, உங்கள் "நடுவுல போட்ட விதி" 700 வருஷத்துக்கு மேல் பழைய புத்தகத்தில் இருக்கிறது.

வெள்ளிராத்திரி | மார்ச் 6, இரவு 11.55

புத்தகத்துல மூங்கில் இருக்கு, காலப் பயணம் இல்லையே. பாதி மதிப்பெண்தான்.

அரைக்குழல் | மார்ச் 7, காலை 7.20

பாதிக் குழலுக்குப் பாதி மதிப்பெண், வாங்கிக்கொள்கிறேன்.

வாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோன் கையில் இருப்பது சாயின்-கோம், நான்கு புலி வாள். கொரியாவின் ஜோசோன் அரச காலத்தில் உண்மையாகவே செய்தார்கள். புலி ஆண்டு, புலி மாதம், புலி நாள், புலி நேரம் நாலும் கூடிவரும்போது வார்த்தால்தான் அந்தப் பெயர். புலி ஆண்டு 12 வருஷத்துக்கு ஒரு முறை. புலி மாதம் சந்திர ஆண்டின் முதல் மாதம். நாள் 12க்கு ஒன்று, ஆக அந்த மாதத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்தான். நேரம் விடியற்காலை 3 முதல் 5 வரை. அந்த இரண்டு மணி நேரத்தைக் கொல்லன் தவறவிட்டால் இன்னொரு புலி நாள் வரை உலை சும்மா இருக்க வேண்டும், மாதமே தவறினால் 12 வருஷம். போருக்கான வாள் இல்லை, தீமையை விரட்டும் வாள். கோன் உரக்க ஓதும் சீன எழுத்து வரிகள் நிஜ வாள்களில் பொறிக்கப்பட்டவை.

புளிசாதம் | மார்ச் 7, காலை 10.05

ரெண்டு கொரியாவும் எங்கே பிரிஞ்சுதுன்னு யாராச்சும் சுருக்கமா சொல்லுங்க. அந்த இளவரசர் விஷயம் வேகமா ஓடிடுச்சு.

அரைக்குழல் | மார்ச் 7, மதியம் 2.30

இளவரசர் சோஹ்யோன். நம் உலக வரலாற்றில் மஞ்சு படைகளிடம் தோற்ற ஜோசோன் அரசர் இன்ஜோ தன் மூத்த மகனைப் பிணையாக அனுப்புகிறார். 1637 முதல் 1645 வரை பெரும்பாலும் ஷென்யாங்கில். கடைசியில் பெய்ஜிங் போனபோது மேற்கத்திய அறிவியல், கிறித்தவப் பாதிரியார்களின் பழக்கம் எல்லாம் கிடைக்கிறது. திரும்பிய இரண்டு மாதத்தில் மர்மமாகச் சாகிறார். தம்பி அரசராகிறார்.

கோனின் உலகத்தில் சோஹ்யோன் சாகவில்லை, அரசரானார். அங்கிருந்து பாதை பிரிகிறது. நாடு வடக்கு தெற்காகத் துண்டாகவில்லை, மன்னராட்சி அரசியல் சட்டத்தின் கீழ் தொடர்கிறது, அரண்மனை பூசானில்.

எழுத்தாளர் இந்த இடத்தைத் தேர்ந்ததில் எனக்குக் குறையே இல்லை. போரை மாற்றவில்லை, ஒப்பந்தத்தை மாற்றவில்லை. ஒரு சாவை மட்டும் எடுத்துவிட்டார்.

அரைக்குழல் | மார்ச் 7, மதியம் 2.50

மறந்துவிட்டேன். கோன் "ராஜா" இல்லை, பேரரசர். கொரிய மொழியில் அவன் நாட்டின் பெயர் தேஹான் ஜெகுக், கொரியப் பேரரசு. சப்டைட்டிலில் கிங்டம் என்று இறக்கிவிட்டார்கள். அரண்மனையில் அவனை "பெஹா" என்றுதான் அழைப்பார்கள். அது பேரரசருக்கு மட்டும் உரிய விளி, வெறும் அரசர் என்றால் "ஜோன்ஹா". காது கொடுத்துக் கேட்டால் தெரியும். நிஜத்தில் தேஹான் ஜெகுக் என்ற பெயரில் ஒரு நாடு 1897 முதல் 1910 வரை 13 வருஷம் இருந்தது, அதை ஜப்பான் விழுங்கிவிட்டது. அந்தப் பெயர் காதில் விழும்போது அங்கே இருக்கும் பார்வையாளருக்கு நாம் உணராத ஒரு வலி இருக்கும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 7, மாலை 6.15

அந்த வலியோடுதானே தலைப்புக் காட்சித் தகராறும் வந்தது?

அரைக்குழல் | மார்ச் 7, இரவு 8.00

ஆமாம். தொடக்கக் காட்சியில் வந்த மரக் கோபுரம் ஜப்பானியக் கோயிலைப் போல இருக்கிறது, அரச குடும்பத்தின் பூச் சின்னம் ஜப்பானியப் பேரரசச் சின்னத்தை நினைவூட்டுகிறது என்று சத்தம் எழுந்தது. ஜப்பான் ஆளாத கொரியாவைக் கற்பனை செய்துவிட்டு அதன் வாசலில் ஜப்பானியக் கோபுரத்தை நிறுத்தினால் சும்மா விடுவார்களா? தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு மாற்றினார்கள்.

லீ குடும்பத்தின் பூ வேறு. லீ என்ற எழுத்துக்கே பிளம் மரம் என்று பொருள், ஐந்து இதழ் பிளம் பூதான் அவர்கள் சின்னம். ஜப்பானுடையது 16 இதழ்ச் செவ்வந்தி. பார்க்கும்போது இதழை எண்ணினால் போதும்.

அந்தப் பூச் சின்னம் கதையிலும் வேலை செய்கிறது. துப்பறியும் காவலர் கங் ஷின்-ஜேக்குச் சின்ன வயதிலிருந்து மனதில் ஒட்டிய நினைவு ஒன்று உண்டு, இந்த உலகத்தில் எங்குமே இல்லாத அந்தச் சின்னம். அவன் எந்த உலகத்துப் பிள்ளை என்பதற்கு முதல் துப்பு அதுதான்.

வெள்ளிராத்திரி | மார்ச் 8, காலை 12.10

எல்லாம் சரி, அடையாள அட்டை? தே-உல்லோட போலீஸ் அட்டை 1994ல கிடைக்குது, அதுல வழங்கின தேதி 11 நவம்பர் 2019. கோன் அதை 25 வருஷம் வெச்சிருக்கான். அப்புறம் அவனே 1994க்குப் போய் விட்டுட்டு வர்றான். அப்போ அந்த அட்டையை அச்சடிச்சது யாரு?

அரைக்குழல் | மார்ச் 8, காலை 7.45

நல்ல கேள்வி, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அட்டை இரண்டு பிரதி என்று எண்ணுங்கள். கோன் 25 வருஷம் வைத்திருந்தது பழையது. காவல்துறை தே-உல்லுக்கு நவம்பர் 11இல் கொடுத்தது புதியது. 1994க்குப் போய் விழ வேண்டியது புதியது. அப்படியானால் அட்டைக்கு ஒரு பிறப்பு உண்டு: அச்சகத்தில் 2019இல் பிறந்து, 1994க்குப் போய், 25 வருஷம் பழசாகிறது. சுழலில் சுற்றுவது செய்திதான், பொருள் இல்லை. பழையதே திரும்பப் போனால்தான் சிக்கல், ஒவ்வொரு சுற்றிலும் 25 வருஷம் தேய்ந்து கடைசியில் தூளாகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 8, காலை 9.20

அட்டையில் பதவி கியோங்வி. சப்டைட்டில் லெப்டினென்ட் என்கிறது. கொரியக் காவல்துறையில் கீழிருந்து நாலாவது படி: சுன்கியோங், கியோங்ஜாங், கியோங்சா, கியோங்வி. காவல் பல்கலைக்கழகத்தில் படித்து வருபவர்கள் நேராக இந்தப் படியில்தான் ஏறுவார்கள். கோன் அவளைப் பெயரோடு பதவியும் சேர்த்து அழைப்பதற்குக் காரணம், எட்டு வயதில் அவன் படித்த ஒரே காதல் கடிதம் அந்த அட்டை.

அரைக்குழல் | மார்ச் 8, இரவு 10.30

நேற்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளிராத்திரி சொன்னதில் ஒரு பகுதி சரி.

குழல் விதி கடைசி வரை உடையவில்லை. உடைவது வேறொன்று. முதல் 13 எபிசோடு வரை தொடர் நமக்குச் சொல்வது: நடந்தது நடந்ததுதான். 1994இல் பையனைக் காப்பாற்றிய முகமூடிக்காரன் கோனேதான். அவன் போனதால்தான் அட்டை விழுந்தது, அட்டை விழுந்ததால்தான் அவன் போனான். பூட்டு மாதிரி மூடிய சுழல்.

கடைசியில் அதே கோன் 1994க்குப் போய் லீ லிம்மைக் கொன்றுவிடுகிறான். அதன் பின் 25 வருஷக் கதையே மாறுகிறது, ஆட்கள் பிழைக்கிறார்கள். அப்படியானால் நடந்ததை மாற்றலாம் என்று ஆகிறது. ஒரே இரவுக்கு இரண்டு சட்டம். அதற்கு அவர்கள் போட்ட ஒட்டு என்னவென்றால், கதவுக்குள் நிற்பவருக்கு மாற்றம் எட்டாது. தே-உல் அப்போது உள்ளே இருந்ததால் அவளுக்குப் பழைய நினைவு தங்குகிறது. ஒட்டு கெட்டிதான், கீழே விரிசல் இருப்பது தெரிகிறது.

ஆக மார்ச் 5 காலை நான் எழுதியதில் "விதி இருக்கிறது" என்பது நிற்கும். "குறை தாமதம் மட்டுமே" என்ற தொனியைத் திரும்பப் பெறுகிறேன்.

வெள்ளிராத்திரி | மார்ச் 8, இரவு 10.42

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

புளிசாதம் | மார்ச் 9, காலை 8.15

ஒப்பிடணும்னா 2016ல கொரிய எம்பிசி சேனல்ல வந்த 'டபிள்யூ' தொடரைப் பாருங்க. அதுலயும் ரெண்டு உலகம், ஒண்ணு வெப்டூன், அதாவது இணையச் சித்திரக்கதை. நாயகன் மனசுல பெரிய மாற்றம் வந்தா எபிசோடு முடியும், நாயகி வெளியே வந்துடுவா. காத்துல "தொடரும்"னு எழுத்து மிதக்கும். விதியைப் பார்க்கிறவன் கண்ணு முன்னாடியே எழுதிக் காட்டிட்டாங்க. 'தி கிங்' அந்த வேலையை வசனத்துல முணுமுணுக்குது.

அரைக்குழல் | மார்ச் 9, மதியம் 1.00

சரியான ஒப்பீடு. ஆனால் 'டபிள்யூ' பின்பாதியில் தன் விதியைத் தானே எத்தனை முறை வளைத்தது என்று எண்ண ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

கணக்குப்பிள்ளை | மார்ச் 9, இரவு 9.40

யாரும் விளம்பரத்தைப் பேசவில்லையே. பேரரசர் ஒரு காபியைக் குடித்துவிட்டு அதன் சுவையை முதல் சுவை, கடைசிச் சுவை என்று வர்ணிக்கிறார். அடுத்து கோழி, அதற்கடுத்து கிம்ச்சி, பிறகு முகத்தில் தேய்க்கும் கிரீம் குச்சி. இரண்டு உலகத்திலும் பொதுவாக இருந்தது விளம்பரதாரர்தான்.

அரைக்குழல் | மார்ச் 10, காலை 7.10

அதற்குச் சட்டப் பின்னணி உண்டு. கொரியாவில் நிகழ்ச்சிக்குள் பொருளைக் காட்ட அனுமதி வந்தது 2010இல். இந்தத் தொடர் வந்தபோது அளவு இருந்தது: ஆன்டெனாவில் வரும் சேனல்களில் நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, திரையில் கால் பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. 70 நிமிட எபிசோடு என்றால் மூன்றரை நிமிடம். இதை ஒளிபரப்பிய எஸ்பிஎஸ் அப்படிப்பட்ட சேனல். நடுவே விளம்பர இடைவேளை விட அவர்களுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில்தான், இந்தத் தொடர் ஓடியது 2020 ஏப்ரல் 17 முதல் ஜூன் 12 வரை. அரண்மனை, குதிரை, கணினி வரைகலை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், வெளியே காட்ட இடமில்லாததால் காட்சிக்குள் திணித்தார்கள். காரணம் புரிந்தாலும் அந்தக் காபியை மன்னிக்க முடியாது.

பார்வையாளரும் மன்னிக்கவில்லை. பார்வையாளர் அளவு முதல் நாள் 11.4 சதவீதத்தில் தொடங்கி 8.1இல் முடிந்தது, நடுவில் அதற்கும் கீழே போனது.

புளிசாதம் | மார்ச் 10, காலை 10.50

யங், அவனோட இன்னொரு உலகத்து நகல் உன்-சப், ரெண்டு வேஷத்தையும் போட்ட ஊ டோ-ஹ்வானுக்காக நான் இன்னும் 2 சதவீதம் சேர்த்துக் கொடுப்பேன். யங், உன்-சப் ரெண்டு பேரும் இடம் மாத்திக்கிட்டு நடிக்கிற காட்சிகள்ல ஒரே முகத்துல நாலு ஆளு.

அரைக்குழல் | மார்ச் 10, இரவு 9.25

முடியைப் பார்க்காதீர்கள், வேஷம் மாறும்போது முடியும் மாறிவிடும். முதுகைப் பாருங்கள். கோனின் மெய்க்காவல் தலைவன் யங்குக்கு முதுகு வளையாது, கை எப்போதும் இடுப்பருகில் தயாராக இருக்கும். உன்-சப் யங் வேடத்தில் நிற்கும்போது முதல் சில நொடி நிமிர்ந்து நிற்பான், யாராவது பேச்சுக் கொடுத்தால் தோள் சரியும். வாயைத் திறந்தால் தென்கிழக்கு வட்டார வழக்கு எட்டிப் பார்க்கும்.

வெள்ளிராத்திரி | மார்ச் 11, இரவு 11.30

சரி, தோத்துட்டேன்னு வெச்சுக்கோங்க, முக்கால்வாசி. திரும்பப் பார்க்கப் போறேன். எதைத் தேடணும்?

அரைக்குழல் | மார்ச் 12, காலை 6.40

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். 1ஆம் எபிசோடில் அரண்மனை இரவை மெதுவாகப் பாருங்கள், முகமூடிக்காரன் வரும் இடத்தில் அவன் உயரத்தையும் நடையையும் கவனியுங்கள். பிறகு கோன் குதிரையோடு தென்கொரியாவின் சியோலில், குவாங்வாமுனில் வந்து நிற்கும் காட்சி. அங்கே அவனை யாருடைய கைரேகைப் பதிவோடும் பொருத்த முடியாது, செலவுக்குச் சட்டையின் வைரப் பொத்தானைத்தான் விற்பான். அதற்குப் பிறகு கதவு வரும் காட்சிகள் மட்டும். ஒவ்வொன்றிலும் குடை யாரிடம், சாட்டை யாரிடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

கதவுக்குள்ளே கோன் பூ விதை தூவுவானே, அதைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். காற்று இல்லை, வெயில் இல்லை, நேரமே நகராத இடத்தில் விதை போடுகிறான்.

புளிசாதம் | மார்ச் 12, காலை 8.00

பூசான் பக்கம் கிஜாங்கில் இருக்கிற அஹோப்சான் மூங்கில் காடுதான் அந்தக் கதவு எடுத்த இடம். படப்பிடிப்புக்கு நட்ட ரெண்டு தூணையும் அப்படியே விட்டுட்டாங்க, ஜனங்க நடுவுல நின்னு படம் எடுத்துக்கிறாங்க.

அரைக்குழல் | மார்ச் 12, காலை 8.20

அந்தத் தூண்களின் வடிவம் பழைய பௌத்தக் கோயில் வாசலில் கொடிமரத்தைத் தாங்கப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தும் கல் தூண், தங்கான் ஜிஜு. பல கோயில்களில் கொடிமரம் போய்விட்டது, நடுவே வெற்றிடத்தோடு இரண்டு கல் மட்டும் நிற்கும்.

வெள்ளிராத்திரி | மார்ச் 14, காலை 1.05

2ஆம் எபிசோடு முடிஞ்சுது. தாள்ல இதுவரைக்கும் சாட்டை 5, குடை 2. மூணாவதா ஒரு காபி டப்பா வந்துச்சு, அதையும் குறிச்சுக்கிட்டேன்.